பெனிபிட் ஃபோம் நிரப்பித் தருவதாகக் காசு பறிப்பவர்கள்: பிரிட்டனில் உள்ள தம்பதிகளுக்கு ஓர் எச்சரிக்கை

குறைந்த வருமானத்தாருக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகையான (பெனிபிட்) யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு பென்னி கூடச் செலவாகாது. மின்கட்டண உதவியில் பெரும்பகுதிக்கு விண்ணப்பிக்கவே தேவையில்லை. இருந்தும் இந்த இரண்டையும் காட்டித்தான் நம் ஆட்களிடம் காசு வாங்குகிறார்கள். காசு போவதோடு முடிந்தால் பரவாயில்லை. ஃபோமை நிரப்பியவர் போட்டுவிட்டுப் போன பிழைக்கு வரும் கடன், கணவன் மனைவி இருவர் தலையிலும் விழுகிறது.

அதிகம் நடப்பது இது. “தங்கச்சி, ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டால் கூடக் காசு வரும், நான் செய்து தாறன்” என்று ஒருவர் சொல்வார். கணக்கு அவர் சொன்னபடிதான் வரும். 2025-26 நிதியாண்டில் 25 வயதைத் தாண்டிய தனிநபருக்கு அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு. தம்பதிக்கு, இருவருக்கும் சேர்த்து 628.10. தனித்தனியாகப் போட்டால் 800.28. மாதம் 172 பவுண்டு கூடுதல். போதாததற்கு, வேலைக்குப் போகும் கணவரின் சம்பளம் மனைவியின் கணக்கில் தெரியாது. ஆனால் ஒரே வீட்டில் ஒரே குடும்பமாக வாழும் தம்பதி, திருமணம் பதிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், கூட்டாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரித்துறையின் சம்பளத் தகவல் மாதாமாதம், பெனிபிட் கொடுக்கும் அரசுத் துறையான டிடபிள்யூபி-க்குப் போகிறது. ஒரே முகவரியில் இரண்டு “தனிநபர்கள்”, கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வரி) பதிவில் இருவர் பெயர், பிள்ளையின் பள்ளிப் பதிவில் அப்பா அம்மா இருவரும். பிடிபட நேரமாகலாம், ஆனால் தடயம் எங்கும் கிடக்கிறது.

ஒன்றரை வருஷம் கழித்துப் பிடிபட்டால் அடிப்படைத் தொகையில் மட்டுமே 3,000 பவுண்டுக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளத்தை மறைத்த தொகை அதற்கு மேல் தனி. மோசடி என்று கருதினால், வழக்குக்குப் பதிலாக அபராதம் கட்டும்படி கேட்கலாம். அது கூடுதலாக வாங்கிய தொகையில் பாதி. குறைந்தது 350, அதிகபட்சம் 5,000 பவுண்டு. பெரிய தொகை என்றால் நீதிமன்றம்தான். “ஃபோமை நிரப்பினது அவர்தான், எங்களுக்குத் தெரியாது” என்பது எடுபடாது. விண்ணப்பத்தின் கடைசியில் உள்ள உறுதிமொழி உங்கள் பெயரில் இருக்கிறது.

உண்மையிலேயே பிரிந்துவிட்டு, வாடகைக்கு வழியில்லாமல் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் தனியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் சமையல், காசு, படுக்கை எல்லாம் பிரிந்திருக்கிறது என்பதைக் கேட்கும்போது காட்ட வேண்டிவரும்.

சரியான வழி இப்படி. முதலில் ஒருவர் அரசின் தளத்தில் கணக்குத் திறப்பார். துணையுடன் வாழ்கிறேன் என்று பதிலளித்ததும் ஓர் இணைப்புக் குறியீடு கிடைக்கும். மற்றவர் தனக்கென ஒரு கணக்குத் திறந்து அந்தக் குறியீட்டைப் போட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகும். கணக்குத் திறந்து 28 நாளுக்குள் விண்ணப்பத்தை முடிக்காவிட்டால் அது காலாவதியாகும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: ஒருவர் முடித்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிடுவார், மற்றவரின் பக்கம் பாதியில் நிற்கும். பிறகு இருவரும் தனித்தனியாக அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும், வேலை தேடுவது போன்றவற்றுக்கு உடன்படும் கடப்பாட்டு ஒப்பந்தத்தைத் தனித்தனியாக ஏற்க வேண்டும். ஒருவர் ஏற்காவிட்டால் இருவரின் விண்ணப்பமும் நின்றுபோகும்.

காசு வாங்கி ஃபோம் நிரப்பும் முகவரின் கை இதில் எங்கே நுழைகிறது என்று பார்க்க வேண்டும். கணக்குத் திறக்கும்போது மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கேட்பார்கள். முகவர் தன்னுடையதைப் போடுவார், “உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம்” என்பார். அதன் பிறகு உள்ளே நுழையும் குறியீடு அவருடைய கைபேசிக்குப் போகும். ஜாப் சென்டர் (அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம்) உங்கள் கணக்கில் உள்ள ஜேர்னல் என்ற செய்திப் பக்கத்தில் எழுதுவது உங்களுக்குத் தெரியாது. சந்திப்பைத் தவறவிட்டால் காசு வெட்டப்படும், அல்லது விண்ணப்பமே மூடப்படும். மறுபடி திறக்க அவரிடமே போய் இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டும். தொழில் ஓடுவதே இப்படித்தான்.

இதைவிட மோசமானது முன்பணம். முதல் கொடுப்பனவு வர ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும். அதுவரை சமாளிக்க, ஒரு மாதத் தொகை வரை முன்பணம் கேட்கலாம். அது கடன், 24 மாதம் வரை வெட்டிக்கொள்வார்கள். உள்ளே நுழையக்கூடியவர் முன்பணம் கேட்டுத் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை “அரசாங்க மானியம்” என்று உங்களிடம் தருவார். 2019-ல் இந்த வகை மோசடி நாடு முழுக்கச் செய்தியானது. பழைய பெனிபிட்டில் இருந்தவர்கள், தாங்கள் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாற்றப்பட்டதையே கடன் வந்த பிறகுதான் அறிந்தார்கள்.

சோதிப்பது எளிது. யூனிவர்சல் கிரெடிட் கணக்கின் முகப்பில் ஒவ்வொரு மாதமும் காசு வருவதற்கு முன் ஒரு கணக்குவிவரம் வரும். அதில் கழிவுகள் என்ற பகுதியைப் பாருங்கள். நீங்கள் வாங்காத முன்பணத்துக்கு வெட்டு இருந்தால் அன்றே யூனிவர்சல் கிரெடிட்டின் உதவி எண்ணான 0800 328 5644-க்கு அழையுங்கள். சொந்த விவரங்கள் பக்கத்தில் மின்னஞ்சல், கைபேசி எண், வங்கிக் கணக்கு மூன்றும் உங்களுடையதா என்று பாருங்கள். தம்பதிக்கு ஒரே வங்கிக் கணக்குக்குத்தான் காசு வரும் என்பதால், அந்தக் கணக்கு யாருடையது என்பதை இருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் காசை முழுவதும் பிடித்துவைத்து மற்றவரைத் துன்புறுத்தினால் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கக் கேட்கலாம். ஜேர்னலை மற்றவர் பார்க்க வாய்ப்பு உண்டென்றால் தொலைபேசியில் கேட்பதே பாதுகாப்பு.

துணை விசாவில் வந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பொது நிதி (பெனிபிட் போன்றவை) பெறக்கூடாது என்ற நிபந்தனை விசாவில் இருந்தால், தகுதியுள்ள துணை தனிநபர் தொகைக்குத்தான் விண்ணப்பிக்கலாம். ஆனால் மற்றவரை மறைக்கக் கூடாது. அவருடைய சம்பளமும் சேமிப்பும் கணக்கில் வரும். முகவர்கள் இங்கே இரண்டு பக்கமும் பிழை விடுகிறார்கள். ஒருவர் துணையையே ஃபோமில் காட்டமாட்டார். இன்னொருவர் இருவரையும் தகுதியுள்ளவர்களாகக் காட்டி, அடுத்த விசா நீட்டிப்புக்கே ஆபத்து வைப்பார். விசாவைப் பற்றி ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் அவர் ஒரு சட்டத்தரணியாகவோ, குடிவரவு ஆலோசகர்களை முறைப்படுத்தும் அமைப்பான இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிந்தவராகவோ இருக்க வேண்டும். பதிவில்லாமல் சொல்வது குற்றம்.

சேமிப்பு எல்லையும் தம்பதிக்குச் சேர்த்துத்தான்: 16,000 பவுண்டுக்கு மேல் என்றால் எதுவும் கிடையாது. 6,000-க்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு வருமானமாகக் கருதிக் கழிப்பார்கள். “ஊரில இருக்கிற காணியை இவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பது முகவர்களின் வாய்ப்பாடு. யாழ்ப்பாணத்தில் உள்ள காணியும், ஊர் வங்கியில் உள்ள வைப்புப் பணமும் மூலதனம்தான், அறிவிக்க வேண்டும். தாலிக்கொடி, வளையல் போன்ற சொந்தப் பாவனைப் பொருட்கள் சேராது.

இனி மின்கட்டணம். வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்பது குளிர்கால மின்கட்டணத்தில் கொடுக்கும் கழிவு, 150 பவுண்டு. 2025-26 குளிர்காலத்திலிருந்து, யூனிவர்சல் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துத் தரும் பெனிபிட் பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலானோருக்குத் தானாகவே மின்சாரக் கணக்கில் கழியும். ஸ்கொட்லாந்தில் பலர் மின் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். கையில் காசாகத் தரமாட்டார்கள். ஆகவே “150 பவுண்டை வங்கியில் போட கார்டு எண்ணைத் தாருங்கள்” என்று வரும் எதுவும் திருட்டு.

தம்பதிகள் இந்த 150-ஐ இழப்பது பெயரால்தான். தகுதித் திகதியன்று மின்சார பில்லில் உள்ள பெயர், பெனிபிட் பெறுபவருடையதாகவோ அவருடைய துணையுடையதாகவோ இருக்க வேண்டும். 2025-26-க்கு அந்தத் திகதி 2025 ஆகஸ்ட் 24. பில் மாமாவின் பெயரிலோ, வீட்டுக்காரர் பெயரிலோ, முன்பு இருந்தவர் பெயரிலோ இருந்தால் பொருந்தாது. கோடை முடியுமுன் மின் நிறுவனத்துக்கு அழைத்து இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

குளிர் தொடங்கியதும் குறுஞ்செய்தி வரும்: உங்கள் குளிர்கால உதவிக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை, இன்றே கடைசி நாள், கீழே அழுத்துங்கள். இணைப்பில் கவ், யூகே என்ற எழுத்துகள் எங்கேயோ இருக்கும். எங்கேயோ இருந்தால் போதாது. தொடக்கத்து https://-ஐ விட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால், கடைசியாக “கவ் டாட் யூகே” (.gov.uk) என்று முடிய வேண்டும். அதை ஒட்டி ஒரு சிறு கோடும் (-) வேறு சொல்லும் வந்தால் அது வேறு யாருடையதோ தளம். பெயர், பிறந்த திகதி, கார்டின் பின்புறத்து மூன்று இலக்கம் வரை கேட்பார்கள். இரண்டு நாள் கழித்து, “உங்கள் கணக்கில் மோசடி நடக்கிறது” என்று வங்கியிலிருந்து பேசுவதுபோல் ஒருவர் அழைப்பார். முதல் செய்தியில் நீங்கள் கொடுத்ததை வைத்தே உங்களை நம்பவைப்பார். வைத்துவிட்டு 159-க்கு நீங்களே அழையுங்கள்; பெரும்பாலான பெரிய வங்கிகளுக்கு அது நேராக இணைக்கும். குறுஞ்செய்தியை 7726-க்கு அனுப்புங்கள், இலவசம்.

ப்ரீபெய்ட் மீட்டர் வைத்திருப்போரிடம் “50 பவுண்டு டாப்அப், 25-க்குத் தாறன்” என்று வாசலில் வருபவர்கள் பழைய கூட்டம். மின் நிறுவனம் கண்டுபிடித்துவிடும், அந்தத் தொகையை மறுபடி நீங்களே கட்ட வேண்டும்.

இலவசச் சுவர்க் காப்பு (குளிர் புகாமல் சுவரில் போடும் தடுப்பு) என்று கதவைத் தட்டுவோருக்கும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். அரசின் திட்டம் உண்மையானதுதான், வேலையில்தான் பிரச்சினை. 2025 அக்டோபரில் தேசிய கணக்காய்வு அலுவலகம் சொன்னது: அந்தத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவர்க் காப்புப் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் பெரிய குறை. ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடித்த சுவரை யார் சரிசெய்வது என்பதை வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மறைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். உள்ளே நுழைய முடிந்தால் கடவுச்சொல்லையும் தொடர்பு விவரங்களையும் மாற்றுங்கள். நடந்ததை நீங்களே ஜேர்னலில் எழுதுங்கள். அவர்கள் கண்டுபிடிக்குமுன் சொல்வதற்கும் பின் சொல்வதற்கும் வித்தியாசம் பெரிது. முகவருடன் நடந்த வாட்ஸப் உரையாடலை அழிக்காதீர்கள். முடிவுக் கடிதம் பிழையென்றால் ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்க வேண்டும். கவுன்சில் டாக்ஸ் குறைப்பை கவுன்சிலிடம் தனியாகக் கேட்க வேண்டும், யூனிவர்சல் கிரெடிட்டோடு அது தானாக வராது. காசு வாங்கிய முகவர்கள் இதைச் செய்து கொடுப்பதே இல்லை.

ஃபோம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் இலவச ஆலோசனை தரும் தொண்டு நிறுவனமான சிட்டிசன்ஸ் அட்வைஸின் இலவச எண்கள்: இங்கிலாந்து 0800 144 8444, வேல்ஸ் 08000 241 220, ஸ்கொட்லாந்து 0800 023 2581. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் மாலை 6 வரை. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் முதல் வசனமாக “தமிழ் இன்டர்பிரிட்டர் ப்ளீஸ்” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஜாப் சென்டரிலும் இதே வசனம் போதும்.