ஆறு ஆண்டுகள், ஐந்து டைகள், ஒரே துப்பாக்கி

6.5 க்ரீட்மூர் என்ற தோட்டா வகைக்கான துப்பாக்கி கைக்கு வந்த வாரமே, சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை மறுபடி நிரப்பும் சாமான்களையும் வாங்கிவிட்டேன். உறையை உள்ளே விட்டு அழுத்தும் அச்சுகளான டைகளில் என் கண் முதலில் போனது, குண்டை உறைக்குள் இறக்கும், தலையில் மைக்ரோமீட்டர் வைத்த சீட்டிங் டையின் மேல்தான். நுணுக்கமான கோடுகள் போட்ட அந்தத் தலையைப் பார்த்ததுமே துல்லியம் பாதி வந்துவிட்டதாக நினைத்தேன். சுட்டதில் விரிந்த உறையை மறுபடி சுருக்கும் சைசிங் டையைப் பற்றி யோசிக்கவே இல்லை, இருப்பதில் மலிவானதைப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். பிறகு செலவழித்த பணத்தில் பாதி, இந்தத் தலைகீழ் வரிசைக்குக் கட்டிய அபராதம்.

சீட்டிங் டை புதிதாக எதையும் நேராக்குவதில்லை. உறையின் வாய்ப்பக்கம் ஏற்கெனவே இருக்கும் குறுகிய கழுத்துக்குள் குண்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கழுத்து கோணலாக இருந்தால் குண்டும் அந்தக் கோணலைப் பிடித்துக்கொண்டே இறங்கும்.

இதை எனக்குப் புரியவைத்தது, கோணலை முள்ளால் காட்டும் டயல் கேஜ் என்ற அளவுமானி. நிரப்பி முடித்த தோட்டாக்களை அதில் வைத்து விரலால் மெல்ல உருட்டினேன். சிலவற்றில் முள் 0.005 அங்குலம்வரை போய்த் திரும்பியது. சீட்டிங் டையைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரை மாற்றினேன். முள் அசரவில்லை. கடைசியில்தான் குண்டு வைக்காத வெறும் உறையை உருட்டிப் பார்க்கத் தோன்றியது. கோணல் அங்கேயே இருந்தது! என் சைசிங் டை கழுத்தைத் தேவைக்கு மேல் நெரித்துவிட்டு, பிறகு நடுக்கம்பியில் இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டையை உள்ளிருந்து இழுத்து மறுபடி விரித்தது. அந்த இழுப்பில் மென்மையான கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உருண்டையைக் கழற்றிவிட்டுச் செய்த உறைகளில் ஆட்டம் 0.0015க்குள் அடங்கியது. ஆனால் கழுத்து இப்போது மிக இறுக்கம். குண்டைத் தள்ளும்போது அதன் மூக்கைச் சுற்றி மோதிரம்போல ஒரு தடம் பதிந்தது.

இரண்டாம் முறை வாங்கியது லீ நிறுவனத்தின் காலெட் டை. கழுத்தை உள்ளே ஒரு கம்பியின் மேல் வைத்து வெளியிலிருந்து அழுத்துகிறது. உறை வழுக்கி இறங்க மெழுகு தடவ வேண்டாம், கழுத்தும் அருமையாக நேராக வந்தது. நான்கு மாதம் அதன் புகழ் பாடித் திரிந்தேன். ஐந்தாவது முறை சுட்ட உறைகளில், துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையை மூடும் போல்ட்டின் கைப்பிடி கனக்கத் தொடங்கியது. இந்த டை கழுத்தை மட்டுமே தொடும், கழுத்துக்குக் கீழே சரியும் தோளையும் உடலையும் தொடாது. ஒவ்வொரு சுடுதலிலும் உறை கொஞ்சம் கொஞ்சமாக அறையின் அளவுக்கே வளர்ந்துவிடுகிறது. போல்ட்டை அழுத்தி மூட வேண்டிவந்தால் துப்பாக்கி மணல் பையின் மேல் நகர்ந்துவிடும். கழுத்தில் சம்பாதித்த துல்லியம் அங்கே போய்விடும். டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோளைத் தள்ள இடையிடையே வேறொரு டை வேண்டும் என்பது எனக்குத்தான் தாமதமாக உறைத்தது.

மூன்றாவது, இன்றுவரை மேசையில் இருப்பது: ரெடிங் நிறுவனத்தின், புஷிங் வைத்த முழுநீள சைசிங் டை. கழுத்தோடு தோளையும் உடலையும் சேர்த்தே அழுத்தும். கழுத்தை எவ்வளவு சுருக்குவது என்பதை புஷிங் என்ற, மாற்றக்கூடிய ஒரு சிறு வளையம் தீர்மானிக்கிறது. குண்டு வைத்த தோட்டாவின் கழுத்தை அளந்தேன், 0.290 அங்குலம். அதில் 0.002 கழித்து 0.288 வளையம் வாங்கினேன். எக்ஸ்பாண்டர் உருண்டை இப்போதும் பெட்டியில் தூங்குகிறது. அதற்குப் பதிலாகத் தனியாக மாண்ட்ரல் என்ற வழவழப்பான கம்பியைக் கழுத்துக்குள் ஒருமுறை விட்டெடுக்கிறேன். வளையம் வெளியிலிருந்து அழுத்துவதால் பித்தளைத் தடிப்பில் உள்ள ஏற்ற இறக்கமெல்லாம் உட்பக்கம் போய்விடுகிறது. மாண்ட்ரல் அதை மறுபடி வெளிப்பக்கம் தள்ளிவிடுகிறது.

வளையம் வாங்குவதிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சுற்றியுள்ள அளவுகளும் இருக்கட்டும் என்று மூன்று வளையங்களை ஒரே நாளில் வாங்கினேன். அடுத்த ஆண்டு வேறு தயாரிப்பு உறைகளுக்கு மாறினேன். அவற்றின் சுவர் தடிப்பு அதிகம், தோட்டாக் கழுத்து 0.293. மூன்று வளையங்களும் வீண்.

ஆனால் எந்த டை என்பதைவிட அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். பெட்டியில் வந்த காகிதம், டை ஷெல் ஹோல்டரைத் தொட்டபின் இன்னும் கால் சுற்று இறக்கச் சொன்னது. அப்படியே செய்தேன். ஏழாவது சுடுதலுக்குப் பிறகு, உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான ஒரு கோடு தெரிந்தது. முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரை உரசினேன். கோடு இருந்த இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கியது. உறை அங்கே பிளக்கத் தயாராக இருந்தது. தோள் இருக்கும் இடத்தை அளக்கும் கம்பேரட்டரில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் தோளை 0.006 அங்குலம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன் என்று தெரிந்தது. உறை ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியை நிரப்ப நீண்டிருக்கிறது. அந்தத் தொகுதி முழுவதையும் நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டேன்.

இந்த டைகளின் புரி எல்லா நிறுவனங்களுக்கும் பொது: எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி. அப்படியானால் கால் சுற்று என்பது கிட்டத்தட்ட 0.018 அங்குலம். தோளைத் தள்ள எனக்கு வேண்டியதோ 0.002. காகிதத்தில் சொன்ன கால் சுற்று எல்லா அறைகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சொன்னது, என் அறைக்காகச் சொன்னதல்ல. இப்போது டையை மேலேயே நிறுத்தி, மயிரிழை மயிரிழையாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, 0.002 வந்ததும் டையை அங்கேயே நிறுத்தும் பூட்டு வளையத்தை இறுக்கிவிடுகிறேன். இப்போதைய உறைகள் பத்து முறையைத் தாண்டி ஓடுகின்றன.

மெழுகில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே ஒருமுறை உறை டைக்குள் மாட்டிக்கொண்டது. அடியில் துளை போட்டு, திருகு ஏற்றி, வெளியே இழுப்பதற்குள் ஒரு மாலை போய்விட்டது.

நான்காம் முறை வாங்கியது ஃபார்ஸ்டர் நிறுவனத்தின் சீட்டிங் டை. குண்டு கழுத்தைத் தொடுவதற்கு முன்பே வழுகும் குழல் ஒன்று உறையையும் குண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நல்ல பொருள். ஆனாலும் கழுத்து நேரான பிறகு, என் பழைய மைக்ரோமீட்டர் டைக்கும் இதற்கும் டயல் கேஜில் நான் கண்ட வித்தியாசம் சொற்பமே. உண்மையில் உதவியது, குண்டின் மூக்கை அழுத்தித் தள்ளும் தண்டுதான், அதுவும் நீண்ட மூக்குக் குண்டுகளுக்கான தண்டு. பழைய தண்டின் குழியில் குண்டின் நுனி அடியில் முட்டிக்கொண்டதால் இறங்கும் ஆழம் ஒன்றுக்கொன்று மாறியது. மைக்ரோமீட்டர் தலை குண்டு மாற்றும் நாளில் வசதி. நான் இரண்டு ஆண்டாக ஒரே குண்டு சுடுகிறேன், அது திரும்பவே இல்லை.

துப்பாக்கியின் குழல் தேய்ந்துவிட்டது, விரைவில் புதியது வரும். அதில் சுட்ட முதல் மூன்று உறைகளின் தோளை அளக்கும்வரை பூட்டு வளையத்தைத் தளர்த்தி வைத்திருப்பேன், புதிதாக எதையும் வாங்க மாட்டேன்.