பாத் நகரின் ரோமானியக் குளியலகம்: அளவான செலவில் ஒரு பயணம்

இங்கிலாந்தின் பாத் நகருக்கு அளவான பணத்துடன் இரண்டு நாள் சென்றிருந்த நான், நுழைவுச்சீட்டுகளுக்கென ஒதுக்கியதை ரோமானியக் குளியலகத்துக்கே செலவிட்டதற்குச் சற்றும் வருந்தவில்லை. ஏறத்தாழ 46 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நாள்தோறும் பத்து லட்சம் லிட்டருக்கும் மேலாக ஊறும் நீர், ரோமானியர் பதித்த ஈயத் தகடுகளின் மேல் பச்சை நிறத்தில் ஆவி பறக்கத் தேங்கி நிற்பதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிக்கவில்லை. வார நாட்களில் கட்டணம் குறைவு. ஆனால் இங்கே குளிக்க அனுமதியில்லை. அதற்கு 2006இல் திறக்கப்பட்ட தெர்மே பாத் ஸ்பாவுக்குத்தான் செல்ல வேண்டும், அது சிக்கனப் பயணிக்குக் கனமான செலவே. மேயரின் கௌரவ வழிகாட்டிகள் நடத்தும் இலவச நடைப்பயணத்தைத் தவறவிடாதீர்கள். அன்பளிப்பைக்கூட அவர்கள் ஏற்பதில்லை.