சின்ன நீல எழுத்தும் நாலரை டாலரும்: வெளிநாட்டு விதைக்குப் பணம் கட்டிய ஒன்பது ஆண்டுகள்

சென்ற வாரம் பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, "அக்கா, இங்கிலாந்திலிருந்து ஸ்வீட் பீ பூவின் விதை வாங்கலாம் என்றிருக்கிறேன், பணத்தை எதில் கட்டினால் நஷ்டம் வராது?" என்று கேட்டாள். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். ஆனால் அன்று காலையில்தான் என் கடன் அட்டையின் மாதக் கணக்கு வந்திருந்தது. அதில் ஒரு வரியைப் பார்த்த எரிச்சல் தீராமல் இருந்ததால், அவள் அடுப்பில் வைத்திருந்த சாம்பார் அடிப்பிடிக்கும் வரை பேசிவிட்டேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன். நிதானம் எங்கெங்கே தவறுகிறது என்பது படிப்பவர்களுக்கே தெரிந்துவிடும்.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். 2016 முதல் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பிரிட்டன், ஜெர்மனி, எப்போதாவது இந்தியா என்று விதை வரவழைக்கிறேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் சிறு அளவு விதை அனுமதி பற்றி இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பார்கள்: ஒரு பார்சலில் 50 பொட்டலம் வரை, பொட்டலத்துக்கு 50 விதை அல்லது 10 கிராம் வரை, தாவரவியல் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும், அனுப்புகிறவர் நாம் கொடுக்கும் லேபிளை ஒட்ட வேண்டும். பார்சல் நேராக என் வீட்டுக்கு வராது. எங்கள் மாநிலத்திலேயே லிண்டனில் உள்ள தாவரப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், அங்கே பிரித்துப் பார்க்கப்பட்டு, பிறகு எனக்கு வரும். இந்த அனுமதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அரசாங்கத்தோடு செய்ய வேண்டிய வேலை சுலபமாக முடிந்து, இரண்டு பவுண்டு விலையுள்ள பொட்டலத்துக்குப் பணம் கட்டும் வேலை வருடக்கணக்காக மனிதரைப் பாடாய்ப் படுத்தும் என்று தொடங்கும்போது நான் நினைக்கவில்லை.

முதலில் அந்த எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். உலகமெங்கும் சின்னச் சின்ன விதைக் கடைகள் ஏற்றுக்கொள்ளும் இணையப் பணப்பை ஒன்றை ஆரம்பம் முதல் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம், விற்பவருக்கு நம் அட்டை எண் தெரியாமல் பணம் போய்ச் சேரும் வகை என்றால் போதும். அதில் ஒரு பழக்கம் உண்டு. கடை பவுண்டில் விலை சொல்லியிருக்கும். பணப்பையின் பக்கத்துக்குப் போனதும் தொகை டாலரில் பெரிய எழுத்தில் நிற்கும். அதற்குக் கீழே, கண்ணாடி இல்லாமல் எனக்குப் படிக்க முடியாத அளவில், நீல நிறத்தில் நாணயமாற்று விருப்பங்கள் என்று ஒரு சுட்டி. அதைத் தொட்டால் இரண்டு வட்டங்கள் வரும். பணப்பையே டாலருக்கு மாற்றிக்கொள்வது முதல் வட்டம். அது முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். பவுண்டிலேயே அட்டைக்கு அனுப்பி, அட்டை கொடுத்த வங்கியை மாற்றச் சொல்வது இரண்டாவது. அதைத் தொட்ட மறுகணம், உங்கள் வங்கி கூடுதல் கட்டணம் வசூலிக்கக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை வரும். பூட்டைத் திருடன் செய்து கொடுத்து, சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று புத்தியும் சொன்ன மாதிரி இருக்கும்.

பணப்பை போடும் மாற்று விலை சந்தை விலையைவிட ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடுதல். என் அட்டையோ வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமே இல்லாத அட்டை; அது பயன்படுத்துவது விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்பின் மாற்று விலை, சந்தை விலைக்கு மிக அருகில் இருப்பது. ஆகவே ஒவ்வொரு முறையும் அந்த நீலச் சுட்டியைத் தேடி, இரண்டாவது வட்டத்தைத் தொட வேண்டும். ஒரு முறை தொட்டால் அடுத்த முறைக்கு அது நினைவில் நிற்பதில்லை. கணக்கின் அமைப்புகளில் ஓரிடத்தில் நிரந்தரமாக மாற்ற முடிந்த காலம் ஒன்று இருந்தது. அந்த இடம் பிறகு நகர்ந்துவிட்டது. கைபேசிச் செயலியில் நான் இன்றுவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை.

2025 ஆகஸ்டில், சமையலறையில் நின்றபடி கைபேசியிலேயே 41.50 பவுண்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். அந்நாள்களில் ஒரு பவுண்டு ஏறக்குறைய 1.35 டாலர், சந்தைக் கணக்குப்படி 56 டாலர் வந்திருக்க வேண்டும். பணப்பை எடுத்தது 58.27. அது என் அவசரத்தின் விலை, போகட்டும். ஆனால் அதே மாதம் 29-ஆம் தேதி முதல், 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த சுங்க விலக்கு எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. பல நாடுகளின் அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்கான பார்சல்களைத் தற்காலிகமாக நிறுத்தின. என் விதைக் கடைக்காரரும் இனி அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கில்லை என்று வருத்தம் தெரிவித்து, செப்டம்பர் இறுதியில் 41.50 பவுண்டையும் ஒரு பென்னி குறையாமல் திருப்பி அனுப்பினார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. வந்து சேர்ந்தது 53.78 டாலர். போகும்போது சந்தைக்கு மேலே நான்கு சதவீதம், வரும்போது சந்தைக்குக் கீழே நான்கு சதவீதம். ஒரு விதைகூட என் கைக்கு வராமல் நாலரை டாலர் போயிற்று. மாதக் கணக்கில் நான் பார்த்த வரி அதுதான்.

நாலரை டாலர் பெரிய தொகையா என்று என் கணவர் கேட்டார். ஒரு பொட்டலம் விதையின் விலை என்று சொன்னேன். விதை வாங்குகிறவர்களுக்கு அது புரியும்.

பணப்பையை விட்டுவிட்டு அட்டையை நேராகக் கடையில் கொடுக்கலாமே என்றால், கொடுத்திருக்கிறேன். பெரிய கடைகளில் ஒரு தொல்லையும் இல்லை. சிறிய கடைகளில் படிவமே தடுக்கும். கவுண்டி, அதாவது அந்நாட்டு மாவட்டம், என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது. அஞ்சல் குறியீட்டில் எழுத்து இல்லாத ஐந்து இலக்கத்தைப் போட்டால் சிவப்புக் கோடு வரும். அதைத் தாண்டினால், இரவு பதினொரு மணிக்கு வெளிநாட்டில் நடந்த இந்தப் பரிவர்த்தனை உங்களுடையதுதானா என்று என் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும். ஆம் என்று பதில் அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள், கூடையில் இருந்த கடைசிப் பொட்டலம் தீர்ந்துபோயிருக்கும். இருமுறை அப்படி இழந்திருக்கிறேன். வெளிநாட்டுக் கட்டணம் உள்ள அட்டையாக இருந்தால் வழக்கமாக மூன்று சதவீதம் பிடிப்பார்கள்; சில வங்கிகள், தொகை டாலரிலேயே வந்திருந்தாலும் விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதற்காகவே பிடிப்பார்கள். பணப்பை மாற்றிக் கொடுத்த டாலர் மேலும் இந்த மூன்று சதவீதம் ஏறினால், ஏறத்தாழ ஏழு சதவீதம் காற்றில் போகும். தோழியிடம் முதலில் கேட்டதே, உன் அட்டை எந்த வகை என்பதைத்தான். அவளுக்குத் தெரியவில்லை.

ஜெர்மனிக் கதை வேறு. அங்கே காட்டுப் பூச்செடிகளின் விதைகளைத் தானே சேகரித்து விற்கும் ஒருவர் இருக்கிறார். அட்டையும் இல்லை, பணப்பையும் இல்லை, வங்கிப் பரிமாற்றம் மட்டும். 2017-இல் 18 யூரோ அனுப்ப என் வங்கிக் கிளைக்கு நேரில் போனேன். 45 டாலர் கட்டணம் என்றார்கள். வைராக்கியத்தில் கட்டினேன். இடையில் இருந்த ஏதோ ஒரு வங்கி தன் பங்கைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் போய்ச் சேர்ந்தது ஆறு யூரோ எழுபது சென்ட். அவர் விதைகள் முழுவதையும் அனுப்பிவிட்டு, மீதியை அடுத்த ஆர்டரோடு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று பழுப்பு உறையின் மூலையில் பென்சிலில் எழுதியிருந்தார். அந்த வெட்கத்தில்தான் இணையத்தில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வைஸ் சேவைக்கு மாறினேன். அப்போது அதன் பெயர் டிரான்ஸ்ஃபர்வைஸ், 2021-இல்தான் சுருக்கினார்கள். அது என் டாலரை இங்கேயே வாங்கிக்கொண்டு, யூரோவை ஐரோப்பாவுக்குள் இருக்கும் கணக்கிலிருந்து உள்ளூர்ப் பரிமாற்றமாக அனுப்புகிறது. ஆகவே இடைவங்கி யாரும் கை வைப்பதில்லை. சந்தை விலையில் மாற்றி, கட்டணத்தைத் தனியாகக் காட்டுகிறது. இந்த அளவுள்ள தொகைகளுக்கு அந்தக் கட்டணம் எனக்கு ஒரு பொட்டலத்தின் விலையைத் தொட்டதே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஜெர்மானியர்கள் பணம் எதற்கு என்று எழுதும் கட்டத்துக்கு வெர்வெண்டுங்ஸ்ட்ஸ்வெக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உச்சரிக்க எனக்கு இன்றும் வராது. அந்தக் கட்டத்தில் ஆர்டர் எண்ணை எழுதாவிட்டால், யார் அனுப்பிய பணம் என்று தெரியாமல் அவர் திகைப்பார். ஐபான் எனப்படும் 22 எழுத்துள்ள வங்கிக் கணக்கு எண்ணை நகலெடுத்து ஒட்டும்போது கடைசி இலக்கம் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி எட்டு ஆண்டுகளில் ஒரு பரிமாற்றம்கூடத் தவறவில்லை. நேர்மையும் துல்லியமும் உள்ள ஏற்பாடு, குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இந்தியாவுக்குக் கட்டுவது எல்லாவற்றிலும் இனிமையானது. சிறகவரையும் மூக்குத்தி அவரையும் விற்கும் தமிழ்நாட்டு விதை சேகரிப்பாளர்கள் பலருக்கு யுபிஐ தவிர வேறு எதுவும் வேண்டாம். அமெரிக்கா உள்ளிட்ட பத்து நாடுகளின் கைபேசி எண்ணை வைத்துக்கொண்டே வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான ரூபாய்க் கணக்குகளான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கிலிருந்து யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் அனுமதி வந்தது. என் வங்கி அதைச் செயல்படுத்தியபின், 240 ரூபாயை ஐந்து விநாடியில் அனுப்பி, எதிர்முனையில் "வந்துருச்சுங்கம்மா" என்ற குரலைக் கேட்டதும் நியூ ஜெர்சிப் பனியிலும் ஒரு கணம் ஊர்ச் சந்தையில் நிற்பதுபோல் இருந்தது. ஆனால் உண்மையில் இது வெளிநாட்டுக் கட்டணமே அல்ல. ரூபாய், ரூபாய்க் கணக்கிலிருந்து ரூபாய்க் கணக்குக்குப் போகிறது. அந்தக் கணக்கு இல்லாத தோழிக்கு இதனால் பயன் இல்லை. மேலும் 2025 ஆகஸ்ட் 25 முதல் இந்திய அஞ்சல் துறையும் அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை நிறுத்தியதால், பணம் ஐந்து விநாடியில் போயும் அந்த மாதத்தில் நான் கேட்ட விதை திருப்பூரைத் தாண்டவில்லை.

இத்தனை குறை சொன்ன பிறகு, பணப்பைக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏதாவது தவறினால் கேட்க வழி இருக்கிறது. வைஸில் அனுப்பிய பணம் கைமாறிய பணம். விற்பவர் ஏமாற்றினால் அழுதுவிட்டுப் போக வேண்டியதுதான். கடன் அட்டைக்கு அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. கணக்கு வந்த 60 நாளுக்குள் எழுதிக் கேட்கலாம். என் பணப்பை 180 நாள் கொடுக்கிறது. ஒருமுறை எஸ்தோனியாவிலிருந்து வரவேண்டிய பார்சல் வரவே இல்லை. கேட்ட பதினோராம் நாள் பணம் வந்துவிட்டது.

ஆனால் விதைக்கு 180 நாள் எம்மாத்திரம் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கூபானி என்று ஒரு ஸ்வீட் பீ உண்டு; 1699-இல் சிசிலியிலிருந்து அதே பெயருடைய துறவி இங்கிலாந்துக்கு அனுப்பிய பூ, மேலிதழ் கருஞ்சிவப்பும் பக்க இதழ்கள் ஊதாவுமாக, இன்றைய பெரிய பூக்களைவிட மணம் கூடியது. அதைச் செப்டம்பரில் வாங்கி, பிப்ரவரியில் வீட்டுக்குள் விதைத்து, ஏப்ரலில் வெளியே நட்டு, ஜூனில் பூத்தபோது பார்த்தால் வெறும் ரோஜா நிறம். ஒன்பது மாதம் கழித்து யாரிடம் முறையிடுவது? முளைக்கவே இரண்டு குளிர்காலம் கேட்கும் பியோனி விதையை வாங்குகிறவர்களின் நிலை இன்னும் மோசம். கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மறுவாரமே புதிய பொட்டலமும், பொட்டலம் கட்டும் மேசையில் நடந்த குளறுபடிக்கு மன்னிப்பும் வந்தன. எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தோழி, "அக்கா, அப்படியென்றால் வைஸ்தானே?" என்றாள். இல்லை, முதல் ஆர்டரைப் பணப்பையிலேயே போடு என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது நிமிடம் திட்டியது எதற்கு என்று கேட்டாள். அவள் வாங்க நினைத்த கடையில் வங்கிப் பரிமாற்றத்துக்கு வழி இல்லை, அவள் அட்டை எந்த வகை என்று அவளுக்கே தெரியவில்லை, பழக்கமில்லாத கடைக்கு முதல் முறை பணம் கட்டும்போது 180 நாள் உத்தரவாதத்துக்கு நான்கு சதவீதம் தாழ்வில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை.

நேற்றிரவு நானும் உட்கார்ந்தேன், இந்த முறை மடிக்கணினியில், கண்ணாடி போட்டுக்கொண்டு. அமெரிக்காவுக்கு மறுபடி அனுப்பத் தொடங்கிய ஒரு கடையில் கூபானி இரண்டு பொட்டலம், கறுப்பு ஹாலிஹாக் ஒன்று. தபால் செலவுக்குக் கீழே சுங்க வரி என்று புதிதாக ஒரு வரி. பணப்பையின் பக்கம் வந்தது. தொகை டாலரில் இருந்தது. நீலச் சுட்டி இப்போது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போயிருந்தது.

தொட்டேன். முதல் வட்டம்தான் நிரம்பியிருந்தது.