டெய்லி சீரியலா, வாரத் தொடர்கதையா, ஓடிடில மொத்தமாவா: குடும்பக்கதைக்கு எது பெஸ்ட்?

குடும்பக்கதைல பாக்குற நமக்கு எல்லாம் முன்னாடியே தெரியும், மாப்பிள்ளை பண்ற துரோகம், பீரோல ஒளிச்சு வச்ச பத்திரம் எல்லாமே. அந்த வீட்டுப் பொண்ணுக்கு அது எப்ப தெரியவரும்னுதான் அடிச்சுக்குது மனசு. அதனால எது நம்மள நல்லா காக்க வைக்குதோ அதுக்குத்தான் என் ஓட்டு.

அப்படிப் பாத்தா டெய்லி சீரியலை அடிச்சுக்க ஆளே இல்ல. 1999ல சன் டிவில சித்தி, அப்புறம் மெட்டி ஒலி, 2003ல ஆரம்பிச்சு 2009 வரைக்கும் ஓடுன கோலங்கள். ஆறு வருஷம் கோலங்கள் ஹீரோயின் அபியோட வாழ்க்கை நம்ம வீட்டுக்குள்ளயே நடந்த மாதிரி, அதுலயும் வெள்ளிக்கிழமை முடிச்சு போட்டு நிறுத்திட்டா சனி ஞாயிறு பூரா பஸ்ல, தண்ணிக் குழாய்ல அதே பேச்சுதான். எபிசோடு முடியுற இடத்தைப் பாருங்க, கதவு திறக்கும், வந்தது யாருன்னு காட்டவே மாட்டாங்க, மாமியார் மூஞ்சி, கொழுந்தன் மூஞ்சி, கைல இருந்து நழுவுற டம்ளர், டமார்னு ஒரு சவுண்டு, தொடரும்! கோபம் வரும், ஆனா மறுநாள் டைமுக்கு டிவி முன்னாடி ஆஜர். எதிர்நீச்சல் சீரியல்ல அப்பத்தாவோட அந்த 40 பர்சன்ட் சொத்து யாருக்குங்குறத எத்தன மாசம் இழுத்தாங்க, இழுத்தாலும் பாத்தோம்ல. 2023ல அதுல குணசேகரனா நடிச்ச மாரிமுத்து இறந்தப்ப குணசேகரன் வீட்லயே எழவு விழுந்த மாதிரி ஊரே பேசுச்சு, கதை ஓடிட்டு இருக்கும்போதே கூட வந்தவங்களுக்குத்தான் அந்த வலி.

வாரப் பத்திரிகைத் தொடர்கதை ரெண்டாவது. ஏழு நாள் இடைவெளி கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா மனசுக்குள்ள ஓடுறத எழுத்துல சொல்ற மாதிரி கேமரால சொல்ல முடியாது. பக்கம் பக்கமா கிழிச்சு சேத்து பைண்ட் பண்ணி வச்ச அம்மாக்கள் எத்தன பேரு, அந்த பைண்டிங் தெரு பூரா சுத்தும், அட்டை நைஞ்சுதான் திரும்பி வரும்.

ஓடிடில மொத்தமா பாக்குறது வசதி, அவ்வளவுதான். நைட் ஷிஃப்ட் போறவங்களுக்கும் வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கும் வேற வழியில்ல, கடத்தல், நின்னுபோற கல்யாணம்னு வாரக்கணக்குல ஜவ்வா இழுக்குறப்ப தள்ளிவிட்டுப் போறதுக்கும் இது ஒண்ணுதான் உதவும். ஆனா கதவு திறந்த அடுத்த செகண்டே யாருன்னு தெரிஞ்சுட்டா நானும் அம்மாவும் போட்டி போட்டு ஊகிக்கிறதுக்கு என்ன இருக்கு?

புதுசா ஒரு சீரியலுக்குள்ள போறவங்க பழைய எபிசோடை ஆப்ல வேகமா பாத்து முடிச்சுட்டு டிவி டைமுக்கு வந்து சேந்துக்கோங்க, தயவுசெஞ்சு ப்ரோமோ மட்டும் பாக்காதீங்க, பாதி முடிச்சை அவங்களே அதுல அவுத்துடுறாங்க.