கலங்கல் தண்ணீரில் கப்பலை அளக்க: ஆஃப்செட்டா, நான்கு டேப்பா?

கை நீட்டினால் விரல் தெரியாத தண்ணீர். அடியில் பெயர் தெரியாத ஒரு கப்பல் உடைந்து கிடக்கிறது. அதை அளந்து வரைபடமாக்க எந்த முறை நல்லது? கோத்தகிரியில் நாங்கள் நான்கு பேர் ஒரு பனிக்காலம் முழுக்க இதைத்தான் வாதாடினோம். கடலுக்குப் போக மலையிறங்கி ஒரு நாள் ஆகும் என்பதால், நண்பனின் மாமா எஸ்டேட்டில் உள்ள தடுப்பணைக் குட்டையில்தான் பயிற்சி. ஆழம் ஐந்து மீட்டர்தான். ஆனால் தேயிலைச் சரிவிலிருந்து வந்து படிந்த சேறு, காலை ஒருமுறை அசைத்தாலே கிளம்பி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். மாமாவின் ஆட்கள் இரண்டு இரும்புக் கட்டில்களையும் ஒரு ஏணியையும் உள்ளே இறக்கினார்கள். எங்கே, எப்படிக் கிடக்கிறது என்று எங்களிடம் சொல்லவில்லை.

முதலில் ஆஃப்செட் முறை. நடுவே ஒரு டேப்பை இறுக்கிக் கட்டுவோம். அதுதான் பேஸ்லைன். அளக்க வேண்டிய ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அதற்குச் செங்குத்தாக இன்னொரு டேப். புள்ளிக்கு இரண்டே எண்கள், வேலை முடிந்தது. வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. சிக்கல் அந்தச் செங்குத்தில்தான். தெளிந்த நீரில் கண்ணே சரி பார்த்துவிடும். கலங்கலில் டேப்பைப் பேஸ்லைன் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தி, எங்கே அளவு மிகக் குறைவாக வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ஒன்றிரண்டு மீட்டருக்குள் இது நன்றாகவே வரும். எட்டு மீட்டர் தள்ளிக் கிடக்கும் பொருளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து டிகிரி சாய்ந்தால் டேப்பில் கூடுவது வெறும் 12 சென்டிமீட்டர். பேஸ்லைனிலோ இடம் 1.4 மீட்டர் தள்ளிப் போய்விடும். அந்த 12 சென்டிமீட்டர் டேப்பின் தொய்வா, சாய்வா என்று கையுறை போட்ட கைக்குத் தெரியாது.

நான்கு டேப் முறையில் செங்குத்தே வேண்டாம். சுற்றிலும் நான்கு முளைகளை அடித்து, அவற்றுக்கு இடையிலான தூரங்களை முதலில் அளந்துகொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு முளைகளிலிருந்தும் தூரம். பள்ளிக்கூடத்தில் காம்பஸ் வைத்து வில் போட்ட அதே வேலைதான். இரண்டு தூரம் இருந்தாலே இடம் கிடைத்துவிடும். மீதி இரண்டும் சாட்சிக்கு. எதையாவது தப்பாகப் படித்திருந்தால் வட்டங்கள் ஒரே இடத்தில் கூடாது, தப்பு தானாக வெளியே வந்துவிடும். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் இந்த முறையைத்தான் கணினிக் கணக்கோடு சேர்த்து வளர்த்தெடுத்தார்கள். அங்கேயும் தண்ணீர் கலங்கல்தான்.

சாட்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது கீழே போனால்தான் புரியும். டார்ச்சை நேராக அடித்தால், குன்னூர் ரோட்டில் மூடுபனிக்குள் ஹை பீம் போட்ட மாதிரி எல்லாம் வெள்ளையாகிவிடும். பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். டேப்பை மாஸ்க் கண்ணாடியில் ஒட்டினாற்போல வைத்து, எண்ணின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துப் படிப்பேன். அப்போதும் பத்து சென்டிமீட்டர் அளவு டேப்தான் கண்ணில் படும். 72 தெரிகிறது. அது 2.72-ஆ, 3.72-ஆ? மீட்டர் எண் இருட்டுக்குள் இருக்கிறது. ஆஃப்செட்டில் அந்த ஒரு மீட்டர் தப்பு அப்படியே வரைபடத்தில் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஆனால் நான்கு டேப் நேரத்தைத் தின்னும். ஒரு முங்கலில் ஆஃப்செட்டில் எடுக்கும் புள்ளிகளில் பாதிகூட இதில் வராது. சிலிண்டரில் காற்று அளவோடுதான் இருக்கிறது.

போட்டோக்களைக் கோத்து முப்பரிமாண வடிவம் எடுக்கும் முறைக்கு அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். தண்ணீரும் தெளிந்திருக்க வேண்டும். எங்கள் குட்டையில் அதற்கு வழியே இல்லை. ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துப் பார்க்கும் சோனார் வெளிச்சத்தை நம்பியிருப்பதில்லை. கப்பல் எங்கே கிடக்கிறது, எவ்வளவு நீளம் என்று அது சொல்லிவிடும். யாருடைய கப்பல் என்று சொல்லாது.

“ஏன் தம்பி, கயிறு கட்டித் தூக்கிப் பாத்துட்டா முடிஞ்சுதே, எதுக்கு இத்தனை அளவு?” என்று மாமா கேட்டார். கப்பலின் அடையாளம் சின்னச் சின்னப் பொருள்களில் இருக்கிறது என்பதால்தான். பூம்புகார் கடலில் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவில் ஈயக்கட்டிகள் கிடைத்தன. அவற்றில் டபிள்யூ. பிளாக்கெட் என்ற முத்திரையும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் இருந்தன. அப்படியென்றால் அந்தச் சரக்கு 1792-க்கு முன்னால் மூழ்கியிருக்க முடியாது. அடிப்பலகையில் மன்ட்ஸ் என்ற மஞ்சள் உலோகத் தகடு இருந்தால், அதற்குக் காப்புரிமை வாங்கிய 1832-க்குப் பிறகு அடித்த தகடு. ஆனால் ஒரு தகடு அந்தக் கப்பலுடையதா, பக்கத்தில் பின்னால் வந்து விழுந்ததா என்பதை அது கிடந்த இடம்தான் சொல்லும். இடத்தைக் குறிக்காமல் தூக்கிவிட்டால் அந்தச் சாட்சி போச்சு.

அப்புறம், மலைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுப் பாதுகாப்பாக மேலேறச் சொல்லும் டைவ் கம்ப்யூட்டரில் உயரத்தைச் சரியாக வைத்துவிட்டு இறங்க வேண்டும். கடலில் முங்கிவிட்டு அன்றைக்கே மேட்டுப்பாளையம் தாண்டி மேலே ஏறவும் கூடாது. விமானம் ஏறும் முன் காத்திருப்பது போல, ஒரு முங்கல் என்றால் 12 மணி நேரம், பல முங்கல் என்றால் 18 மணி நேரம் கீழேயே இருந்துவிட்டு வாருங்கள்.

என் தேர்வு நான்கு டேப். பேஸ்லைனுக்கு இரண்டு மீட்டருக்குள் கிடப்பவற்றுக்கு மட்டும் ஆஃப்செட்.

மார்ச்சில் தூர்வாரக் குட்டையை வடித்தார்கள். இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினோம். கிட்டத்தில் இருந்த கட்டில் இரண்டிலுமே சரியாக இருந்தது. ஓரத்தில் கிடந்த ஏணியை ஆஃப்செட் வரைபடம் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, திசையையும் திருப்பிப் போட்டிருந்தது. நான்கு டேப் வரைபடத்தில் ஏணி தன் இடத்தில் இருந்தது. அதில் ஒரு படிக்கட்டைக்கு மட்டும் வட்டங்கள் கூடவில்லை என்று ஒரு அளவை ஒதுக்கி வைத்திருந்தோம். முளையிலிருந்து டேப்பை மறுபடி இழுத்துப் பார்த்தேன். 2.72. என் சிலேட்டில் 3.72 என்று எழுதியிருந்தேன்.