பெல்ட் வண்டியோடு கோத்தகிரியில் ஏழு வருடம்

2018 கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் 750 வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2016 மாடல், 11,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 51,000 தாண்டிவிட்டது. இந்த ஏழு வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி மைலேஜ் பற்றியது. அடுத்தது, "இதுல செயினையே காணோமே, ரப்பர் பெல்ட்டு இந்த மேட்டுல தாங்குமா?" மைலேஜை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை பெல்ட்டையும் அது ஓடும் ஸ்ப்ராக்கெட்டையும், அதாவது பல் சக்கரத்தையும், பற்றி மட்டும்தான். முக்கியமாக, "உங்க வண்டிக்குப் பொருந்தும்" என்று சொல்லி விற்கப்படும் பாகங்களைப் பற்றி.

தாங்குமா என்றால், தாங்குகிறது. வாரத்தில் ஒரு தடவையாவது கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். ஒரு வழிக்கு 33 கிலோமீட்டர். மழைக்காலத்தில் அரவேனு பக்கம் மண் சரிந்தால் குன்னூர் சுற்றிப் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி திருகும்போது செயின் வண்டியில் ஒரு வெட்டு வருமே, அது இதில் இல்லை. சத்தமும் கிடையாது. எண்ணெய் விட வேண்டாம், விடவும் கூடாது. பக்கத்து வீட்டு ஸ்ப்ளெண்டர் பின்சக்கரம் மழைக்காலம் முழுக்கக் கறுப்பு மையாக இருக்கும். என்னுடையதை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

பெல்ட் என்றதும் ஆக்டிவாவில் இருப்பது போலத்தானே என்பார்கள். இல்லை. ஸ்கூட்டருக்குள் இருப்பது V வடிவ பெல்ட். உள்பக்கம் வெட்டு வெட்டாக இருந்தாலும் அது வளைவதற்காகத்தான். இழுப்பது பக்கவாட்டு உராய்வு. என் வண்டியில் இருப்பது பல் பெல்ட். பாலியூரித்தேன் உடம்பு, உள்ளே இழுவிசை தாங்கும் நார், உள்பக்கம் பல் பல்லாக. அந்தப் பல் ஸ்ப்ராக்கெட் பள்ளத்தில் உட்கார்ந்து இழுக்கிறது. ஊட்டி ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே போட்டிருக்கும் பல் பட்டையைக் கடித்துக்கொண்டுதான் எஞ்சின் 12.5 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிறது. அங்கே பல்லுக்குப் பல் இடைவெளி பிசகினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகும்.

2022 ஆடி மாதம். கட்டபெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் ரோடு, நல்ல மழை, ரோட்டில் ஜல்லி பெயர்ந்து கிடந்தது. ஏறும்போது பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பெல்ட்டின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. வேர்க்கடலை அளவு கல், பெல்ட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் மாட்டி, நசுங்கிப் போயிருக்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் சர்வீஸ் மேனுவலில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. கல் அடி பெல்ட்டின் ஓரத்தில் பட்டிருந்தால் மாற்றிவிட வேண்டும். நடுவில் என்றால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். ஓர நூல் லேசாகப் பிசிர் விட்டாலும், பல்லின் உட்பக்கம் மயிரிழை போலக் கீறல் தெரிந்தாலும் அப்படித்தான், கவனித்துக்கொண்டே ஓட்டலாம். வெளியே தெரியும் விரிசல், விழுந்த பல், கொக்கி போலத் தேய்ந்த பல் என்றால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். அதன்படி நானும் ஓட்டினேன். எட்டு மாதம், சுமார் 4,000 கிலோமீட்டர். ஒவ்வொரு ஞாயிறும் வண்டியைத் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பது வேலையாகிவிட்டது. 2023 பங்குனியில் ஓட்டைக்குப் பக்கத்துப் பல்லில் வெளியே விரிசல் வந்தது. சரி, நேரம் வந்துவிட்டது.

இதுவே செயினாக இருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்தக் கடையிலும் 428 செயின் செட் கிடைக்கும். 428 என்றால் பிட்ச், அதாவது கண்ணிக்குக் கண்ணி இடைவெளி, அரை அங்குலம் என்று உலகம் முழுக்க ஒரே கணக்கு. நீளம் அதிகமென்றால் இரண்டு கண்ணி வெட்டி எடுத்து லாக் போட்டால் தீர்ந்தது. பெல்ட்டை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. லாக்கும் கிடையாது. முழு வளையமாகத்தான் வரும், முழு வளையமாகத்தான் உள்ளே போக வேண்டும். என் வண்டியில் அதற்காகப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மையே இறக்க வேண்டியிருந்தது.

பாகம் கிடைப்பது இன்னொரு தலைவலி. ஸ்ட்ரீட் 750 ஹரியானாவில் பாவலில் தயாரான வண்டி. 2020இல் அந்தத் தயாரிப்பு நின்றது. ஹார்லி விற்பனையும் சர்வீஸும் ஹீரோ மோட்டோகார்ப் கைக்குப் போனது. மாடலே நின்றுபோன வண்டிக்கு உதிரி பாகம் வாங்குவது, ஊரை விட்டுப் போன சொந்தக்காரரின் விலாசம் தேடுவது மாதிரி. காத்திருக்கப் பொறுமை இல்லாமல், ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் "750-க்குப் பொருந்தும்" என்று போட்டிருந்த பெல்ட்டை ஆர்டர் செய்தேன். பத்து நாளில் வந்தது. பழைய பெல்ட் மேல் வைத்துப் பார்த்தேன். அகலம் அதேதான், பல்லும் பல்லும் ஒட்டி உட்கார்ந்தது. மனசு குளிர்ந்துவிட்டது.

மெக்கானிக் அண்ணன்தான் கெடுத்தார். "தம்பி, எண்ணிப் பாத்தீங்களா?"

சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு இரண்டு பேரும் எண்ணினோம். அவர் பழையது, நான் புதியது. பிறகு மாற்றி எண்ணினோம். புதிதில் இரண்டு பல் கூடுதல்.

இரண்டு பல்தானே, ஆக்ஸிலை, அதாவது பின்சக்கர அச்சை, பின்னால் இழுத்தால் சரியாகிவிடாதா என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டால் தெரியும். பெல்ட்டில் ஒரு பல் கூடினால் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் பிட்ச்சில் (பெல்ட்டில் பல்லுக்குப் பல் இடைவெளி) பாதி கூட வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு பல் நீளம் மேல் ஓட்டத்துக்கும் கீழ் ஓட்டத்துக்குமாகப் பிரிகிறது. இரண்டு பல் என்றால் முழு ஒரு பிட்ச். பிட்ச் 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆக்ஸில் 14 மில்லிமீட்டர் பின்னால் போயாக வேண்டும். அவ்வளவு தூரம் போக என் அட்ஜஸ்டரில் இடமில்லை. இடம் இருந்தாலும், அட்ஜஸ்டர் கடைசி முனையில் நிற்கும் வண்டியை யார் நம்பி கல்லாறு இறங்குவது?

ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டினாலும் குறைத்தாலும் இதே கணக்கு பாதியாக வரும்: ஒரு பல்லுக்கு அச்சுத் தூரம் கால் பிட்ச் நகரும். மேடு ஏற இழுவை கூடட்டும் என்று பின்னால் பெரிய ஸ்ப்ராக்கெட் போடுவது செயின் வண்டிக்காரர்கள் சாதாரணமாகச் செய்வது. பெல்ட் வண்டியில் அதைச் செய்தால் பெல்ட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எனக்கு அந்த ஆசை வந்ததில்லை. 750 சிசிக்கு இந்த மலை ஒன்றும் பெரிதில்லை.

வந்த பெல்ட் திரும்பிப் போனது, பணம் ஒரு மாதம் கழித்து வந்தது. அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மாடல் பேரை வைத்து எதையும் வாங்காதீர்கள். பழைய பாகத்தின் மேலே அச்சடித்திருக்கும் பார்ட் நம்பர் முதலில் வேண்டும். அழிந்திருந்தால் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கலாம். அதற்குப் பிறகு பெல்ட் என்றால் பிட்ச், பல் எண்ணிக்கை, அகலம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பல்லின் வடிவமும்கூட. ஒரே பிட்ச்சில் உருண்டை முனைப் பல்லும் உண்டு, சரிவான சதுரப் பல்லும் உண்டு. வடிவம் மாறினால் பல் பள்ளத்தின் அடிவரை உட்காராமல் தோளில் ஏறி ஓடும். தேனீக்கூட்டம் போல ஒரு ரீங்காரம் கேட்கும், சீக்கிரமே பல் போகும். பின் ஸ்ப்ராக்கெட் என்றால் போல்ட் எத்தனை, போல்ட் வட்டத்தின் விட்டம், நடு ஓட்டை, உள்வாங்கல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போல்ட் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், ஆனால் ஸ்ப்ராக்கெட் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நிற்கும். பெல்ட் ஒரு பக்க விளிம்பில் உரசிக்கொண்டே ஓடி ஓரம் பிசிர் விடும். முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு ஷாஃப்ட்டின் பல் வரி பொருந்த வேண்டும். அதன் நட்டைக் கழற்றும் முன் மேனுவலைப் பாருங்கள், சில வண்டிகளில் மறை தலைகீழாக இருக்கும். இது தெரியாமல் நீள பைப்பை மாட்டித் தொங்கினால் மறை காலி.

அடுத்த கேள்வி, பெல்ட் மட்டும் போதுமா, ஸ்ப்ராக்கெட்டுகளையும் மாற்றணுமா? மூன்றையும் செட்டாக மாற்றினால் புதிய பெல்ட் நீண்ட நாள் உழைக்கும் என்கிறது மேனுவல். கல் அடிபட்டு மாற்றுவதென்றால் ஸ்ப்ராக்கெட்டைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மாற்றினால் போதும். பரிசோதனை சுலபம். கூரான ஊசி ஒன்றை எடுத்து, பல்லுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தின் அடியில், ரொம்ப அழுத்தாமல் ரொம்ப விடாமல் இழுக்க வேண்டும். கோடு விழாமல் வழுக்கிக்கொண்டு போனால் மேல்பூச்சு இருக்கிறது. பளிச்சென்று வெள்ளிக் கோடு விழுந்தால் பூச்சு போய் அடி உலோகம் வந்துவிட்டது. என்னுடையதில் பெரும்பாலான பள்ளங்களில் ஊசி வழுக்கியது. கல் நசுங்கிய இடத்தில் மட்டும் பூச்சு பெயர்ந்து, விளிம்பு கத்தி போல நின்றது. விரல் வைத்துப் பார்த்து ரத்தம் பார்த்தேன். அதை அப்படியே விட்டுப் புது பெல்ட் மாட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீறல்.

கோயம்புத்தூரில் லேத்தில் கடைய முடியாத பொருள் இல்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பீளமேட்டில் ஒரு பட்டறைக்கு ஸ்ப்ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். வயதானவர், பம்ப் பாகங்கள் கடைபவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓட்டை போடறது, கடையறது எல்லாம் பண்ணிடலாங்க தம்பி. இந்தப் பல்லுக்குக் கட்டர் எங்கிட்ட இல்லீங்க. அந்தாசா போட்டு உங்களைக் காட்டு ரோட்டுல நிறுத்தக் கூடாது பாருங்க." பணம் வாங்காமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த நேர்மை ஆன்லைனில் கிடைக்கவில்லை.

கடைசியில் பார்ட் நம்பர் போட்டு சர்வீஸ் சென்டர் வழியாகவே பெல்ட், பின் ஸ்ப்ராக்கெட் இரண்டும் வந்தன. ஏழு வாரம். ஆன செலவில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கியிருக்கலாம், அதோடு விட்டுவிடுகிறேன்.

மாட்டியது எங்கள் ஊரில்தான். பெல்ட்டின் இறுக்கத்தை எவ்வளவு என்று பார்க்க ஹார்லியில் ஒரு அளவுகோல் உண்டு; 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ விசை கொடுத்தால் கீழ் ஓட்டத்தின் நடுவில் பெல்ட் எத்தனை மில்லிமீட்டர் அசைகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கருவி எங்களிடம் இல்லை. அண்ணன் உள்ளே போய், பச்சைத் தேயிலை எடை போடும் கொக்கித் தராசை எடுத்துவந்தார். பெல்ட்டின் மேல் ஒரு துணிப்பட்டையைப் போட்டு, அதில் கொக்கியை மாட்டி, நாலரை கிலோ வரும்வரை கீழே இழுத்தார். நான் ஸ்கேல் பிடித்தேன். வண்டி ஆறியிருக்க வேண்டும், ஆள் உட்காரக் கூடாது, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எங்கே அதிகம் இறுக்கமோ அங்கேதான் அளக்க வேண்டும். மேனுவல் அளவுக்கு வந்தது. ஆக்ஸில் நட்டை முறுக்கியதும் கொஞ்சம் இறுகிவிட்டது, மறுபடி தளர்த்தி மறுபடி பார்த்தோம். இரண்டு பக்கமும் ஆக்ஸில் நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கம்பியை வளைத்து அதில் ரப்பர் வளையத்தை ஏற்றி, ஸ்விங்ஆர்ம் முளையிலிருந்து ஆக்ஸில் நடுவரை இரண்டு பக்கமும் அளந்தோம். பாதி நாள் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு 17,000 கிலோமீட்டர் ஆகிறது, அட்ஜஸ்டரைத் தொட்டது ஒரே ஒரு தடவை.

குறை சொல்லவும் இருக்கிறது. மார்கழி, தை காலையில் பனியில் நின்ற வண்டியை எடுத்தால் முதல் ஒரு கிலோமீட்டருக்குக் கீச்சுக் கீச்சென்று சத்தம். கழுவினால் போகிறது, நாலு நாளில் வருகிறது. மண் ரோட்டுக்கு இந்த வண்டியை எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன். தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் தம்பியின் செயின் வண்டி. பெல்ட்டை நல்ல ரோட்டில் ஓட்டுபவருக்குத் தயங்காமல் சொல்வேன், ஜல்லி ரோட்டில் தினம் போக வேண்டியவருக்குச் சொல்ல மாட்டேன். இப்போது ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450 போன்ற எலக்ட்ரிக் ஸ்கூட்டர்களிலும் பல் பெல்ட்தான். மலைமேல் அவை ஏறுவதைப் பார்க்கிறேன். அந்த வண்டிக்காரர்களும் பெல்ட்டை மாற்றும் நாளில் ஒரு தடவை பல்லை எண்ணிவிடுவது நல்லது.

போன வருடம் ஸ்பேர் பெல்ட் ஒன்று வாங்கி வைத்தேன். அதை மடக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, பின்பக்கமாக வளைக்கவே கூடாது; முன் ஸ்ப்ராக்கெட்டைவிடச் சிறிய வளைவு விழுந்தால் உள்ளே நார் ஒடிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு நாள் வந்து பார்த்தால், ஸ்டோர் ரூம் ஆணியில் குடைக்குப் பக்கத்தில் தொங்குகிறது, கீழே ஒரு மஞ்சப்பையை வேறு மாட்டியிருந்தார்கள். பையில் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு. எடுத்து வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன், மடிப்பு விழவில்லை. இப்போது அது தரையில், நீலத் தண்ணீர் டிரம்மைச் சுற்றி வட்டமாகக் கிடக்கிறது. டிரம்மை நகர்த்த அம்மாவால் முடியாது.