மண்கல் வீட்டில் ஒன்பது வருடம்

சுடாத மண்கல்லில் கட்டிய வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "மழையில் கரையாதா?" கரையவில்லை. கூரையை இரண்டரை அடி வெளியே நீட்டினோம், தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கருங்கல் வைத்து அதற்கு மேல்தான் மண்கல்லை ஏற்றினோம். சாரலும் தெறிக்கும் தண்ணீரும் சுவருக்கு வருவது குறைவு.

மண்கல் செய்ய, அஸ்திவாரம் தோண்டிய மண்ணையே எடுத்துக்கொண்டோம். இலைதழை மக்கிய மேல்மண்ணைத் தனியே ஒதுக்கிவிட்டோம், அது கல்லுக்கு ஆகாது. அடிமண்ணைக் கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் அடியில் தங்கும், களி கடைசியாகப் படியும். எங்கள் பாட்டிலில் களி அதிகம். அப்படியே விட்டால் காயும்போது சுருங்கி வெடிக்கும் என்பதால் மணல் கலந்தோம். அப்புறம் 5 சதவீத அளவுக்குச் சிமென்ட், கொஞ்சம் ஈரம், அச்சில் அழுத்தம். சூளை கிடையாது. செங்கல் வேக ஏறக்குறைய 1,000 டிகிரி சூடு வேண்டும், சிமென்ட் சூளைக்கு 1,450 டிகிரி. உலகத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமென்டால் வருகிறது. மண்கல்லைத் தேர்ந்ததற்கு இதுதான் காரணம், அந்த முடிவில் இன்றும் எனக்கு மாற்றமில்லை.

ஆனால் அழுத்திய கல்லை 28 நாள் மூடி வைத்து ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். கடைசியாக அடித்த கற்களை அவசரப்பட்டு இரண்டே வாரத்தில் எடுத்துக் கட்டினோம். தோட்டத்துப் பக்கம் அந்த ஒரு பகுதியில் மட்டும் பூச்சு நிற்கவில்லை. கல்லை விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது.

அதைவிடப் பெரிய தவறு நான்காவது வருடம் நடந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். அதற்காகப் படுக்கையறையின் ஒரு சுவருக்கு, துடைத்தால் அழுக்குப் போகும் எமல்ஷன் பெயின்ட் அடித்தோம். இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சுரண்டியபோது பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது, பின்னால் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, கை வைத்தால் ஈரம். மண்சுவர் ஈரத்தை இழுக்கும், காற்று காய்ந்தால் திரும்ப விடும். அந்த வழியை நாங்களே அடைத்திருந்தோம். எல்லாவற்றையும் உரித்து, ஒரு கோடை முழுக்க ஆறவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசினோம். இப்போது நன்றாக இருக்கிறது. சுண்ணாம்பையும் சுட்டுத்தான் எடுக்கிறார்கள், உண்மை. ஆனால் பூசி இறுகும்போது கரியமில வாயுவில் ஒரு பங்கை அது திரும்ப இழுத்துக்கொள்கிறது.

சூடு விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கனமான சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். மதியம் உள்ளே இதமாக இருக்கும், இரவு எட்டு மணிக்குச் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். அப்போது ஜன்னல்களைத் திறந்து, கூரையை ஒட்டிய காற்றுத் துளைகளையும் திறந்துவிட்டால் சூடு மேலே ஏறி வெளியேறும், விடிவதற்குள் சுவர் குளிர்ந்துவிடும். பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பிய நாட்களில் வெளியைவிட உள்ளேதான் புழுக்கம்.

மேற்குப் பார்த்து வைத்த பெரிய ஜன்னல் வேண்டாத வேலை. மாலை வெயில் சாய்ந்து வருவதால் சன்ஷேடு தடுக்கவில்லை. உள்ளே திரை போட்டும் பயனில்லை, கண்ணாடியைத் தாண்டிய சூடு அறைக்குள் வந்துவிட்டதே. வெளியே சட்டம் அடித்துக் கொடி படரவிட்ட பிறகுதான் அந்த அறையில் சாயங்காலம் உட்கார முடிகிறது.

மழைநீர்த் தொட்டி பற்றி அதிகம் சொல்ல இல்லை. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், போதும்.

குளியலறைக்கு மட்டும் சுட்ட செங்கல்லும் சிமென்டும் வைத்தோம். அது சரியான முடிவு. சுண்ணாம்பு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கிறது, நாங்களே ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடுகிறோம். அடுத்து அந்தத் தோட்டத்துப் பக்கத்தில் உதிர்கிற கற்களைப் பெயர்த்துவிட்டு நன்றாக ஆறிய கல் வைக்கப் போகிறோம். பூச்சுக்கான சுண்ணாம்பு இரண்டு மாதமாகத் தொட்டியில் ஊறுகிறது.